பல்கலைக்கழகத்தில் மறுசீரமைப்பு நீதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்பிலோ விடுதியிலோ ஆய்வுக்கூடத்திலோ ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்துவிட்டால், பல பல்கலைக்கழகங்களில் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஒழுங்கு விசாரணை. இன்னொன்று ‘ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்’ எனப்படும் மறுசீரமைப்பு நீதி. இந்த இரண்டாவது வழியைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் 2014-15இல் நடந்த சம்பவம் பல பதில்களில் வரும். இந்த முறையின் பலமும் அது தடுமாறும் இடமும் அந்த ஒரே சம்பவத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

மறுசீரமைப்பு நீதி என்றால் என்ன?

ஒழுங்கு விசாரணை எந்த விதி மீறப்பட்டது, யார் மீறினார், என்ன தண்டனை என்று பார்க்கும். மறுசீரமைப்பு நீதி வேறு இடத்திலிருந்து தொடங்கும். என்ன நடந்தது? அதனால் யார் யாருக்கு என்ன பாதிப்பு? அதைச் சரிசெய்ய யார் என்ன செய்ய வேண்டும்? பாதிக்கப்பட்டவர், பாதிப்பை ஏற்படுத்தியவர், அவர்களைச் சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள்.

1974-இல் ஒன்டாரியோ மாகாணத்தின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் பொருள்களை உடைத்து நாசம் செய்தார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர் சொன்ன யோசனையை நீதிபதி ஏற்றுக்கொள்ள, அந்த இருவரும் பாதிக்கப்பட்டவர்களின் வீடு வீடாகப் போய் நேரில் பேசி, நஷ்டத்தைக் கட்டினார்கள். இன்றைய வடிவத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்வது இதைத்தான். நியூசிலாந்து 1989-இல் இளஞ்சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டம் என்ற முறையைச் சட்டமாக்கியது. அந்நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்களின் வழக்கங்களும் அவர்கள் நெடுநாள் எழுப்பிய கோரிக்கைகளும் அதற்குப் பின்னால் இருந்தன. டல்ஹவுசி இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இளைஞர்களுக்கான திட்டம் 1999-இல் தொடங்கியது. அதனால் அங்கே பல்கலைக்கழகம் இந்த வழியைக் கையிலெடுத்தபோது, உள்ளூரில் அனுபவம் உள்ளவர்கள் ஏற்கனவே இருந்தார்கள்.

சாதாரண மத்தியஸ்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மத்தியஸ்தத்தில் இரண்டு தரப்பும் சமம். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும், அறைத்தோழன் இரவு இரண்டு மணிக்குப் போனில் பேசலாமா, வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு அத்தியாயத்தைப் படித்துக் கொடுக்க எத்தனை வாரம் எடுத்துக்கொள்ளலாம் போன்ற தகராறுகளில் குற்றவாளி என்று யாரும் இல்லை. பேச்சை ஒழுங்காக நடத்திக் கொடுக்க ஒருவர் இருந்தால் போதும். இதற்காகவே பல பல்கலைக்கழகங்களில், எந்தப் பக்கமும் சாயாமல் குறைகளைக் கேட்டு உதவும் ஓம்பட்ஸ் அலுவலகம் இருக்கிறது. வட அமெரிக்காவில் முதல் அலுவலகத்தை 1965-இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள்தான் தொடங்கினார்கள்.

மறுசீரமைப்பு நீதியில் தரப்புகள் சமம் என்ற பேச்சே கிடையாது. ஒருவர் தீங்கு செய்தார், இன்னொருவர் அதை அனுபவித்தார் என்பது முதலிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். துன்புறுத்தப்பட்ட மாணவியை மத்தியஸ்த மேசையில் உட்கார வைத்தால் “சரி, உங்கள் பக்கத்தில் என்ன தவறு?” என்ற கேள்வி எப்படியாவது வந்துவிடும். அது அவருக்கு இரண்டாவது அடி. எந்தத் தகராறு எந்த வகை என்று முதல் நாளே பிரித்துப் பார்க்கத் தெரியாத அலுவலகம் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

உண்மையில் அந்த அறைக்குள் என்ன நடக்கும்?

வேலையின் பெரும்பகுதி எல்லோரும் ஒரே அறைக்குள் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். பேச்சை நடத்தும் நெறியாளர் ஒவ்வொருவரையும் தனியாக, பல முறை சந்திப்பார். பாதிக்கப்பட்டவர் என்ன சொல்ல விரும்புகிறார், எதைக் கேட்க விரும்புகிறார், யார் அருகில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று பேசுவார். மறுபக்கத்தில் இருப்பவரிடம் செய்ததை ஒப்புக்கொள்கிறாரா, அல்லது “அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க” என்ற நிலையிலேயே நிற்கிறாரா என்று பார்ப்பார். இரண்டாவது நிலை மாறவில்லை என்றால் சந்திப்பு நடக்காது, நடத்தவும் கூடாது.

சந்திப்பு பெரும்பாலும் வட்டமாக நடக்கும். நடுவில் மேசை இருக்காது. ஒரு பொருள் கைமாறிக்கொண்டே வரும், அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசுவார். வட அமெரிக்கப் பழங்குடிச் சமூகங்களிலிருந்து வந்த வழக்கம் இது. குறுக்கே பேசுவதும் உடனே மறுப்பதும் இதனால் நின்றுவிடும். கடைசியில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள்.

பாதிக்கப்பட்டவர் நேரில் வரத்தான் வேண்டும் என்றில்லை. கடிதம் எழுதலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பலாம்.

இது கட்டப்பஞ்சாயத்து தானே?

நம் ஊரில் இந்தச் சந்தேகம் வரவில்லை என்றால்தான் ஆச்சரியம். “பொண்ணு பேரு கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்” என்று பெரியவர்கள் கூடி, ஒரு தொகையைக் கைமாற்றி, புகாரை அமுக்கிய கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கல்லூரி முதல்வரின் அறையிலும் அதே காட்சி நடக்கும். மாணவன் தலைகுனிந்து “ஸாரி” சொல்வான், மாணவியிடம் “அதான் மன்னிப்புக் கேட்டுட்டானே, விட்டுடும்மா” என்பார்கள், ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

கட்டப்பஞ்சாயத்தில் முடிவு வலியவர் கையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை இல்லை. முடிவை மீறிப் போலீசுக்குப் போனால் ஊர்ப்பகை. முறையாக நடக்கும் மறுசீரமைப்பு நீதியில் பாதிக்கப்பட்டவர் கேட்டால்தான் வேலையே தொடங்கும், எந்தக் கட்டத்திலும் அவர் எழுந்து போகலாம், போனால் ஒழுங்கு விசாரணை அவருக்காகத் திறந்தே இருக்கும். தீர்ப்பை யாரும் சொல்ல மாட்டார்கள். மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் என்னைப் பொறுத்தவரை அது கட்டப்பஞ்சாயத்துதான், என்ன அழகான பெயர் வைத்திருந்தாலும் சரி.

டல்ஹவுசியில் என்ன நடந்தது?

2014 டிசம்பரில் அங்கே பல் மருத்துவம் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 13 பேரின் ஃபேஸ்புக் குழு வெளியே தெரிய வந்தது. ‘ஜென்டில்மென்’ என்ற சொல் குழுவின் பெயரிலேயே இருந்தது. உள்ளே தங்கள் வகுப்புத் தோழிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். வெறுப்பைக் காட்டும் உடலுறவுக்கு எந்தத் தோழி ஏற்றவர் என்று ஒரு வாக்கெடுப்பு. பெண்களை மயக்க மருந்தால் நினைவிழக்கச் செய்வது பற்றிய ‘நகைச்சுவை’. எழுதியவர்கள் சில மாதங்களில் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறவர்கள். நாடே கொதித்ததற்குக் காரணம் அதுதான்.

பாதிக்கப்பட்ட மாணவிகளில் பலர் பல்கலைக்கழகத்தின் பாலியல் துன்புறுத்தல் கொள்கையின் கீழ் மறுசீரமைப்பு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் ஃப்ளோரிசோன் டிசம்பர் நடுவில் அதை அறிவித்தார். எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. எல்லோரையும் வெளியேற்றக் கோரும் இணைய மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். நான்கு பேராசிரியர்கள் ஒழுங்கு விதிகளின் கீழ் தனிப் புகார் கொடுத்தார்கள். ஜனவரி தொடக்கத்தில் அந்த 13 பேரும் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள்.

அப்புறம் மாதக்கணக்கில் வேலை நடந்தது. 13 பேரில் 12 பேர் கலந்துகொண்டார்கள். மற்ற ஆண், பெண் மாணவர்களையும் சேர்த்து அந்த வகுப்பில் 29 பேர் பங்கேற்றார்கள். தனிச் சந்திப்புகளும், பெண் வெறுப்பு, பாலியல் வன்முறை, மருத்துவத் தொழிலின் நெறிகள், தவறு நடக்கும்போது அருகில் நிற்பவரின் பொறுப்பு ஆகியவை பற்றிய பயிற்சிகளும், வட்ட அமர்வுகளும் நடந்தன. சட்டப் பேராசிரியர் ஜெனிஃபர் லெவெலின், ஜேக்கப் மெக்ஐசக், மெலிசா மெக்கே ஆகியோர் இதை நடத்தி, 2015 மே மாதம் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள்.

வெளியேற்றியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்குமே?

13 பெயர்களோடு முடிந்திருக்கும். அந்தப் பெண்கள் தினமும் நடமாடிய கட்டடத்தில் வேறு எதுவும் மாறியிருக்காது.

அந்த ஃபேஸ்புக் குழு திடீரென்று முளைக்கவில்லை, அதன் பதிவுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தவர்களும் உண்டு. யார் அதிகம் அதிர்ச்சி தருகிறார் என்ற போட்டியில் ஒவ்வொரு பதிவும் முந்தையதைவிட மோசமானது. இதற்கெல்லாம் பல் மருத்துவப் புலத்தின் சூழலே இடம் கொடுத்தது என்பதையும் அந்த மே மாத அறிக்கை பேசியது. சட்டப் பேராசிரியர் கான்ஸ்டன்ஸ் பேக்ஹவுஸ் தலைமையில் தனியாக அமைக்கப்பட்ட குழு 2015 ஜூன் இறுதியில் கொடுத்த அறிக்கை இதை இன்னும் கடுமையாகச் சொன்னது. பல் மருத்துவக் கட்டடத்தில் மாணவர்கள் பயன்படுத்திய ஓர் அறையின் சுவர்களில் பெண்களையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் இழிவுபடுத்தும் கிறுக்கல்கள் இருந்ததை அந்த அறிக்கை விவரித்தது. சுவரில் இருந்ததைப் படித்து வளர்ந்த பேச்சுத்தான் ஃபேஸ்புக்குக்குப் போனது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஒழுங்கு விசாரணையில் ஒரு மாணவன் வாயைத் திறந்தால் அது அவனுக்கு எதிரான சாட்சியமாகும். வக்கீல் “எதுவும் பேசாதே” என்பார், அது சரியான ஆலோசனையும்கூட. அதனால் விசாரணைக்குக் கிடைப்பது ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டுமே. யார் தொடங்கினார், யார் சங்கடப்பட்டும் சும்மா இருந்தார், எந்த ஆசிரியர் காதில் வாங்காமல் போனார் என்பதெல்லாம் வெளியே வராது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தெரிந்துகொள்ளத் துடிப்பது அதைத்தான். என்னைப் பற்றி ஏன் எழுதினாய், இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என்னோடு பேசினாயே, அப்போதெல்லாம் மனதில் என்ன இருந்தது? இந்தக் கேள்வியை ஒழுங்குக் குழுவின் முன்னால் கேட்க இடமே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இந்த முறையால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் எதிர்த்தவர்கள் தவறா?

இல்லை. அதே வகுப்பைச் சேர்ந்த நான்கு மாணவிகள் 2015 ஜனவரியில் ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். மறுசீரமைப்பு முறையில் சேரு, அல்லது முறையான புகார் கொடு என்று சொல்வது எங்களுக்கு இரண்டு மோசமான வழிகளைக் காட்டுவதாகும், பல்கலைக்கழகம் எங்களை அந்த முறைக்குள் தள்ளுகிறது, எங்கள் குரலை அடக்குகிறது என்பது அதன் சாரம். அவர்கள் நிலையில் யோசித்துப் பாருங்கள். பட்டம் வாங்க இன்னும் சில மாதங்கள்தான். முறையான புகார் கொடுத்தால் “நீங்கள்தான் பெரிதாக்கினீர்கள்” என்ற பேச்சு வரும். கொடுக்காவிட்டால் அமைதியாக ஏற்றுக்கொண்டதாக ஆகும்.

மறுசீரமைப்பு வழியில் சேர்ந்த மாணவிகளும் பேசினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நாங்களே யோசித்து எடுத்த முடிவு இது, வெளியிலிருந்து வந்த கூச்சலும் ஊடக வெளிச்சமும் எங்கள் நிலையை இன்னும் கடினமாக்கின என்றார்கள். இரண்டு தரப்பும் உண்மை பேசியதாகவே எனக்குத் தெரிகிறது. ஒரே தீங்குக்கு ஆளான பெண்கள் ஒரே மாதிரி முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் பிழை. அந்த நால்வரும் கேட்டதற்கு ஏற்ற மூன்றாவது வழி ஒன்றை, அவர்கள் பெயர் வெளியே வராமல், பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்க வேண்டும். தலைவர் மேடையேறி ஒரு வழியை அறிவித்தபோதே மற்ற வழிகள் சுருங்கிவிட்டன. என்ன நடக்கிறது என்பதைப் பல்கலைக்கழகம் வெளியே தெளிவாக விளக்கவில்லை என்ற குறையை பேக்ஹவுஸ் குழுவும் சொன்னது.

தவறு செய்தவர் நல்லபடியாக நடித்துத் தப்பித்துவிட முடியாதா?

முயன்று பார்க்கலாம். ஆனால் ஒழுங்குக் குழுவை ஒரே ஒரு மதியம் சமாளித்தால் போதும். இங்கே வாரக்கணக்கில், தனியாகவும் கூட்டாகவும், நீங்கள் காயப்படுத்திய நபரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எழுதி வைத்துப் படிக்கும் மன்னிப்பு அந்த வட்டத்தில் நிமிடத்தில் அம்பலமாகும். இடைநீக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது இதைவிட எளிது.

எந்தச் சம்பவங்களுக்கு இது ஒத்துவராது?

செய்யவே இல்லை என்று ஒருவர் மறுக்கும்போது ஒத்துவராது. அங்கே முதலில் வேண்டியது உண்மையைக் கண்டறியும் விசாரணை. மிரட்டல் இன்னும் தொடர்கிறது என்றாலும் அப்படித்தான். ஆசிரியர் மாணவியிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தால் அதிகார இடைவெளி மிகப் பெரிது. அமெரிக்காவில் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகள் மாணவர்களுக்கு இடையிலான புகார்களில் இப்படிப்பட்ட முறைசாராத் தீர்வை அனுமதித்தன. ஊழியர் ஒருவர் மாணவரைத் துன்புறுத்திய புகாரில் அதைத் தடுத்தன. அந்தக் கோடு சரியான இடத்தில் போடப்பட்டது என்பேன்.

இந்தியாவில் ராகிங்கை வட்டமாக உட்கார்ந்து பேசி மூடிவிட முடியாது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளின்படி, ராகிங்கில் குற்றம் இருந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்க “பேசித் தீர்த்துவிட்டோம்” என்று காட்டுவது சட்ட மீறல். பாலியல் துன்புறுத்தலுக்கான 2013 சட்டத்தின் 10ஆம் பிரிவு சமரசத்துக்கு இடம் தருகிறது, ஆனால் பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டுமே, பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது. சமரசம் ஏற்பட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே கையெழுத்திடும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

வட்டத்தில் சொன்னது பின்னால் எனக்கு எதிராகத் திரும்புமா?

இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 2021-இல் இதற்காகவே சட்டம் போட்டு, இந்த அமர்வுகளில் பேசப்பட்டதை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. எல்லா இடத்திலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. போலீஸ் வழக்கு வர வாய்ப்பிருந்தால் முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

டல்ஹவுசியில் இது வேறு வடிவத்தில் வந்தது. ஒன்டாரியோவின் பல் மருத்துவர் ஒழுங்குமுறை அமைப்பு அந்த 13 பேரின் பெயர்களைக் கேட்டது. தங்கள் மாகாணத்தில் உரிமம் கேட்டு வருபவர் யார் என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் நியாயம். பல்கலைக்கழகம் பெயர்களைத் தரவில்லை. பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், நாளை அந்த நாற்காலியில் வாயைத் திறந்து படுக்கப்போகும் நோயாளி மறுபக்கம். இதற்குச் சுலபமான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் கல்லூரியில் இதைத் தொடங்க என்ன வேண்டும்?

பயிற்சி பெற்ற நெறியாளர்கள் வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவர் பாலியல் புகாரை நடத்தக் கூடாது. சிறிய விடுதித் தகராறுகளில் பல வருடம் கை பழகியிருக்க வேண்டும். நெறியாளர் ஒழுங்குப் பிரிவின் கீழோ துறைத்தலைவரின் கீழோ வேலை செய்யக் கூடாது. அப்புறம், நிர்வாகமும் வட்டத்தில் உட்காரச் சம்மதிக்க வேண்டும். மாணவர்களை மட்டும் பேச வைத்துவிட்டு, டல்ஹவுசியில் இருந்தது போன்ற சுவரை வருடக்கணக்கில் பார்த்தும் பேசாமல் இருந்த ஆசிரியர்கள் வெளியே நின்றால் பாதி வேலைதான் நடக்கும்.

தகராறு வந்த பிறகு மட்டும் வட்டம் போடுவதும் போதாது. ஆய்வுக்கூடத்தில் பருவத்தின் முதல் வாரத்தில் உட்கார்ந்து, வேலை நேரம் என்ன, கட்டுரையில் பெயர் எப்படி வரும், கோபம் வந்தால் யாரிடம் சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டால் பல சண்டைகள் புகாராக மாறாது.

எனக்கு இந்த வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. என்ன கேட்க வேண்டும்?

வேண்டாம் என்று சொன்னால் என் புகார் என்ன ஆகும்? நடுவில் விலகினால் ஒழுங்கு விசாரணைக்குத் திரும்ப முடியுமா, அதற்குக் காலக்கெடு உண்டா? அவர் செய்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டாரா? என்னோடு யாரை அழைத்து வரலாம்? இது நடந்து முடியும் வரை அவரை வகுப்பிலும் விடுதியிலும் நான் சந்திக்காமல் இருக்க என்ன ஏற்பாடு? பதிலை எழுத்தில் கேளுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். முடிவெடுக்கச் சில நாள் அவகாசம் கேட்பது உங்கள் உரிமை.

ஒப்புக்கொண்டதை அவர் செய்யவில்லை என்றால்?

நல்ல ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஒரு தேதியும், அதைச் சரிபார்க்கும் ஒரு பெயரும் இருக்கும். தேதி தாண்டினால் நெறியாளர் அவரை அழைத்துக் கேட்பார். நியாயமான காரணம் இல்லையென்றால் கோப்பு ஒழுங்குப் பிரிவுக்குப் போகும். இந்த வரி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மேலே சொன்ன 2013 சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. சமரச நிபந்தனைகளை எதிர்த்தரப்பு மீறினால் பாதிக்கப்பட்டவர் புகார்க் குழுவிடம் தெரிவிக்கலாம், அந்தக் குழு விசாரணையைத் தொடங்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால் படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடலாம்.